‘பார்த்து’ என்ற சொல்லை நான் பெயர்த்த விதம்

என் அக்கா பொன்னம்மைக்கு இலங்கைக் குடியுரிமை கிடைக்காமல் போனதற்கு நான் காரணம். அவளுடைய சீதனப் பத்திரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தபோது ஒரு சொல்லின் பொருளை மாற்றி எழுதினேன். கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படி இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

இந்த வாரத்துக்கு எழுதியதை என் மகன் வாசித்துவிட்டு, "அப்பா, இத எழுதாண்டாம். ஊர்ல நாலுபேரு நாலு விதமா பேசுவான்" என்றான். பேசட்டும். இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் போராட்ட நாட்களைப் பற்றி எழுதி, வாசகர்களின் பாராட்டுக் கடிதங்களையும் வாங்கிக்கொண்டேன். இதை எழுதாமல் விட்டால் அவ்வளவும் பாதி உண்மை. பாதி உண்மைக்கு மாலை போட்டுக்கொள்ளும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

பிசின் ஒட்டிய கை

தக்கலையில் பேருந்துச் சாலையை ஒட்டிய ஒரு துணிக்கடையின் மாடியில் அப்போது எனக்கு அறை. பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர் வேலை. சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். கர்க்கடகம் என்று நாங்கள் சொல்லும் ஆடி மாதத்து மழை. ஞாயிற்றுக்கிழமை பகல். கீழே நாகர்கோவில் போகிற வண்டிக்கு ஆள் கூவுகிற சத்தம் மழையில் நனைந்து மேலே வந்துகொண்டிருந்தது.

மேஜையில் ஒரு பக்கம் பத்திரம். மறுபக்கம் வாழையிலையில் சக்கைச் சுளை, அதாவது பலாச்சுளை. வீட்டிலிருந்து அம்மா கொடுத்தனுப்பியது. அக்காவின் தோப்பில் காய்த்தது. அவளுடைய சக்கையைத் தின்றுகொண்டேதான் அவளுடைய பத்திரத்தைப் பெயர்த்தேன்.

தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தும் விரலில் பிசின் போகவில்லை. தாளில் கை வைத்தால் தாளும் சேர்ந்து எழும்பியது. ஒரு வரியை எழுதுவதற்கு முன் அரைமணி நேரம் பேனாவை மூடியும் திறந்தும் உட்கார்ந்திருந்தேன். அந்த வரியில் இருந்த சொல் ‘பார்த்து’.

அதைச் சொல்வதற்கு முன்னால் அக்காவைப் பற்றியும் அந்தத் தோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

பிலாவிளை

தோப்பை எங்கள் பக்கம் விளை என்போம். எங்கள் வீட்டுக்கு மேற்கே அப்பாவுக்கு ஒரு விளை இருந்தது. தென்னை முப்பதுக்குமேல், நடுவில் நாலு பெரிய பலா, எங்கள் பேச்சில் பிலா. அதனால் அது பிலாவிளை. அக்காவின் கல்யாணத்தின்போது அப்பா அதை அவளுக்குச் சீதனமாக எழுதிவைத்தார்.

மாப்பிள்ளை ஆறுமுகம் அத்தான், குளச்சல் பக்கத்துக்காரர். சின்ன வயதிலேயே தோணி ஏறி இலங்கைக்குப் போனவர். மாத்தளையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். கல்யாணம் முடிந்த மறுமாதம் அக்காவும் அங்கே போவதாக ஏற்பாடு.

எங்கள் ஊர் திருவிதாங்கூர் ராஜாவின் கீழ் இருந்த காலம். பத்திரம் மலையாளத்தில்தான் எழுதப்படும். நாங்கள் அதை ஆதாரம் என்போம். எழுத்துக்காரர் முன்னால் அப்பா தமிழில் சொல்லச் சொல்ல, அவர் மலையாள எழுத்தில் எழுதினார். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மக அங்க கெடந்தாலும் இது அவளுக்க மொதலு. அவ பார்த்து அனுபவிக்கட்டும். அப்படி எழுதும்" என்றார் அப்பா.

எழுத்துக்காரரும் அப்படியே எழுதினார். ‘மேற்படி வஸ்துவை மகள் பொன்னம்மை கையேற்று, பார்த்து, அனுபவித்து வரவேண்டியது.’

தமிழில் பார்த்து என்றால் கவனித்து, பராமரித்து. அப்பா சொன்னது அதைத்தான். மலையாளத்தில் அதே சொல்லுக்குக் குடியிருந்து என்று பொருள். பார்ப்பு என்றால் அவர்களுக்கு வசிப்பு. எழுத்து மலையாளம், சொன்ன வாய் தமிழ். எந்தப் பொருளில் அப்பா சொன்னார் என்பது தெரிந்தவர்கள் அந்த இடத்தில் மூன்றுபேர். அப்பாவும் எழுத்துக்காரரும் சில வருடங்களில் இறந்துபோனார்கள். மிச்சம் நான்.

ஆறும் சேறும்

இலங்கையில் சட்டம் மாறியது. அங்கே எத்தனை வருடம் பிழைத்திருந்தாலும் இந்தியாவிலிருந்து போனவர்கள் குடியுரிமைக்கு மனுப் போடவேண்டும், அங்கேயே நிலையாகத் தங்கும் எண்ணம் உண்டென்று நிரூபிக்கவேண்டும் என்றாகிவிட்டது. மனுப் போடுவதற்கு முன்னால் அக்கா பிள்ளைகளோடு பத்து நாள் ஊருக்கு வந்தாள். வந்து இறங்கியவள் பெட்டியைத் திறப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே மக்கா, நீ படிச்சவன். ஒண்ணு கேக்கேன், நேரா சொல்லணும். நான் அந்த நாட்டுக்காரின்னு எழுதிக் குடுத்தா பிலாவிளை எனக்க கைய விட்டுப் போவுமா?"

"அந்த நாட்டுக்காரின்னு எழுதிக் குடுக்க இப்பம் என்ன அவசியம் வந்து?"

"எழுதிக் குடுக்காதவனுக்கு இனி கடைக்கு லைசென்ஸ் கெடையாதுங்கான். பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒரு வேல கெடையாது. உனக்க அத்தான் அங்க போயி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. எனக்க ரெண்டும் அங்கதான் பொறந்து. அதுக ஊரு அதாம்லே."

"அப்பம் இங்க உள்ளது?"

"இங்க உள்ளது இங்க கெடக்கட்டும். நான் என்ன, விளைய தலையில தூக்கிட்டா போறேன்?"

சமையல்கட்டிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "பிள்ளே, ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு நிக்காத. ஒண்ணுல நில்லு."

"அம்மோ, நாத்து நடுவைக்குப் போறவளுக்கு ஆறும் வேணும், சேறும் வேணும். ஒண்ணுல மட்டும் நின்னா நெல்லு வராது."

அம்மா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்க மொகம் என்னத்துக்குலே இப்படி இருக்கு? வேப்பங்கா தின்னியா?"

"சொந்த நாட்ட எழுதி விட்டுக் குடுக்கது உனக்கு விளையாட்டா இருக்கு" என்றேன்.

"எது சொந்த நாடு? முந்தி ராஜா நாடு. இப்பம் கொச்சியும் சேந்த நாடு. அதுவும் வேண்டாம், மெட்ராசோட சேரணும்னு நீ கொடி பிடிச்சிட்டு அலையுத. இருக்க எடத்துல இருந்துகிட்டே நீ நாட்ட மாத்தலாம். கடல் தாண்டிப் போனவ நான் மாத்தாண்டாமா? கொள்ளாம்லே உனக்க நியாயம்!"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். 

பத்மநாபபுரத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். எந்த நாட்டுக் குடியானாலும் அப்பா எழுதிக்கொடுத்த நிலம் அவளுடையதுதான், அதனால் உடைமை போகாது என்றார் அவர். அதை அக்காவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் சொன்னேன்.

அன்று காலை அவள் தனியாகப் பிலாவிளைக்குப் போனாள். ஒவ்வொரு பிலாவையும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்துக்கொண்டே சுற்றிவந்தாள். திரும்பி வந்து, "எழுதிக் குடுக்கப் போறேன். இதுவும் எனக்கு, அதுவும் எனக்கு. ரெண்டையும் நான் விடமாட்டேன்" என்றாள். கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொள் என்பதுபோல் இருந்தது அந்தக் குரல்.

தெரிந்தும் தெரியாத மலையாளம்

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். முந்தைய வாரங்களில் பெருமையாகச் சொன்னதுதான். தமிழ் பேசுகிற தென் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கூட்டம் போட்டவர்களில் நானும் ஒருவன். பகுதிக் கச்சேரி என்ற கிராம வரி அலுவலகத்திலிருந்து மலையாளத்தில் வரும் எந்த நோட்டீசையும் நான் வாங்குவதில்லை. அதன் மேலேயே ‘தமிழில் தரவும்’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புவேன்.

அதைக் கொண்டுவரும் சேவகர் சிரித்துக்கொண்டே போவார். "சாருக்கு மலையாளம் நல்லா தெரியும். ஆனா தெரியாது" என்று கடைவீதியெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

உண்மைதான். நான் மலையாளம் நன்றாக வாசிப்பேன். எங்கள் சொற்களை எடுத்து அவர்கள் வேறு பொருளில் ஆள்கிறார்கள், அந்தப் பொருளையே நம் தலையில் கட்டுகிறார்கள் என்று மேடையில் பேசுவேன். அதற்கு நான் எடுத்துக்காட்டும் சொற்களில் ‘பார்த்து’ம் ஒன்று. ‘பார்ப்பது என்றால் நமக்குக் கண்ணால் பார்ப்பது, கருத்தாகப் பார்ப்பது. அதைக் குடியிருப்பது என்று எவன் சொன்னாலும் ஒப்பமாட்டோம்!’ கைதட்டல் விழும்.

எழுதியது

அத்தானின் மனு விசாரணைக்கு வந்தது. மனைவியின் பேரில் இந்தியாவில் நிலம் இருக்கிறதே, நாளைக்குத் திரும்பிப் போய்விடமாட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். நிலத்தின் பத்திரத்தை ஆங்கிலப் பெயர்ப்போடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மாத்தளையில் அந்த எழுத்தை வாசிக்க ஆள் இல்லை. அக்கா அசல் பத்திரத்தையே எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு கடிதம்.

"தம்பிக்கு, இதில் வம்பு ஒன்றும் இருக்காது. அப்பா எனக்குத் தந்தது என்றுதான் இருக்கும். நீ இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு ஆளிடம் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. உன் எழுத்து என்றால் பயம் இல்லை."

மழை பெய்த அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதமும் மேஜையில்தான் கிடந்தது.

‘மேற்படி நிலத்தில் மகள் பொன்னம்மை குடியிருந்து அனுபவித்து வரவேண்டும்’ என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதினேன். குடியிருந்து என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ மெல்லிய சொற்கள் உண்டு. நான் சட்டத்தில் ஆளும் கனமான சொல்லைத் தேடி எடுத்தேன். ‘வேண்டும்’ என்பதையும் கட்டளையாக்கினேன். உண்மையான பெயர்ப்பு என்று அடியில் எழுதிக் கையொப்பமிட்டேன். மறுநாள் அந்தப் பத்மநாபபுரம் வக்கீல் என்மேல் இருந்த நம்பிக்கையில் வாசிக்காமலே முத்திரை போட்டுக் கொடுத்தார்.

வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் அந்தச் சொல்லை மலையாளமாக வாசித்தேன். அது எனக்கு வேண்டியிருந்தபோது.

ஏன் செய்தேன்? மனு தள்ளுபடியானால் அக்கா ஊருக்கு வந்துவிடுவாள், அது அவளுக்கு நல்லது என்று நினைத்தேன். அவள் என்னை மடக்கிப் பேசியதில் இருந்த கோபமும் ஆறவில்லை. நில ஆசை துளியும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. பிலாவிளையின் தேங்காயும் சக்கையும் எங்கள் வீட்டு அடுக்களைக்குத்தான் வந்துகொண்டிருந்தன. அந்த நாட்டுக்காரியாகிவிட்டால் ஒருநாள் அவள் அதை விற்பாள், வேறு எவனோ வந்து நிற்பான் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பதினாறாம் நாள்

சில மாதங்களில் பதில் வந்தது. நிலத்தில் வசிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு மனைவி நிலம் வைத்திருக்கிறாள், ஆகவே நிலையாகத் தங்கும் எண்ணம் நிரூபணமாகவில்லை, மனுவைத் தள்ள உத்தேசம், மறுப்பு இருந்தால் விசாரணையில் சொல்லலாம் என்று. அத்தான் அதை எனக்குத் தெரிவித்து எழுதினார். ‘மாமா இப்படி ஒரு நிபந்தனை வைத்திருப்பார் என்று நினைக்கவில்லை’ என்று ஒரு வரி. செத்துப்போன அப்பாவின் மேல் பழி விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த விசாரணை தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோது அம்மா படுக்கையில் விழுந்தாள். தந்தி கொடுத்தேன். அக்கா வரவில்லை. இந்த நிலையில் இலங்கையை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

"பொன்னம்மை வந்தியா?" வாசலில் நிழல் தட்டினால் கேட்பாள்.

"கப்பல் ஏறியாச்சும்மா. நாளைக்கு வந்துருவா" என்பேன்.

ஒன்பது நாள் அப்படிச் சொன்னேன். பத்தாம் நாள் கேட்க அவள் இல்லை.

பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் இருந்த உறவுக்காரர் சொன்னார். "சிலோன்காரிக்கு பெத்த தள்ளையவிட நாடு பெருசா போச்சு. பெத்தவளுக்க சாவுக்கு வராதவளுக்கு எதுக்கு அம்மை வீட்டு மொதலு?" பந்தியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் சோறு இருந்தது. மென்று விழுங்கினேன். ‘ஆமா’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை.

 இலையை மூடிவிட்டு எழுந்தேன். அன்று சாயங்காலமே, விசாரணைக்கு நான் சாட்சியாக வருகிறேன் என்று அத்தானுக்கு எழுதிப் போட்டேன்.

கண்டியில்

விசா வாங்கவே பல வாரம் அலைந்தேன். பிறகு திருநெல்வேலி, மண்டபம், தனுஷ்கோடி, கப்பல், மறுபடி ரயில். மாத்தளையில் நான் இறங்கியபோது அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவுக்காக அழுதாள். சாட்சி சொல்ல இத்தனை தூரம் வந்திருக்கிறானே தம்பி என்று அக்கம்பக்கத்தில் சொல்லி மாய்ந்தாள். ஆப்பமும் மீன்கறியும் வைத்துப் பரிமாறினாள். இரண்டு நாள் அவள் வீட்டில் இருந்தேன். தனியாக அவளிடம் சொல்ல இருபது தடவை வாயெடுத்திருப்பேன். சொல்லவில்லை. இதுவும் என் கணக்கில்தான்.

விசாரணை கண்டியில். ஒரு நீளமான அறை. அதிகாரி சிங்களவர், கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவர். அத்தானும் அக்காவும் ஒரு பெஞ்சில். நான் ஆங்கிலத்தில் பேசலாமா என்று கேட்டேன். அக்காவுக்கும் புரியும்படி தமிழில் பேசச் சொன்னார் அதிகாரி.

சொன்னேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். என் அப்பா சொன்னது ஒன்று, நான் எழுதியது மற்றது. தெரிந்தே எழுதினேன். என் அக்காவுக்கு அந்த நிலத்தில் வசிக்கவேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

பெஞ்சு கிறீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இரண்டில் எது பொய்? அன்று எழுதியதா, இன்று சொல்வதா?"

"அன்று எழுதியது."

"இன்று சொல்வதற்கு யார் சாட்சி?"

"நான்தான்."

"அன்றைக்கும் நீங்கள்தானே சாட்சி?"

 அவர் தாளில் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்து, பத்திரம் இருக்கட்டும், எப்படியும் திரும்பிப் போக உங்களுக்கு ஒரு இடம் இருக்கிறது, இல்லையா என்று கேட்டார்.

அக்கா எழுந்து நின்றாள்.

"இருக்கு ஐயா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்க அப்பா தந்த இடம். உமக்கும் உமக்க அம்மை வீடுன்னு ஒண்ணு இருக்கும்லா? அதுக்காவ இந்த நாக்காலியில இருந்து உம்ம எழுப்பி, போம், உமக்க அம்மை வீட்டுக்குப் போம்னு சொன்னா நீரு போவீரா?"

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். "அம்மா, இதை அப்படியே சொல்லவோ?"

"அப்படியே சொல்லும். ஒரு சொல்லு மாத்தாதியும்." அவள் கை என் பக்கம் நீண்டது. "இவன மாதிரி மாத்தாதியும்."

அவர் அப்படியே சொன்னார். அதிகாரியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. முடிவைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லி எங்களை அனுப்பினார்.

வெளியே வந்ததும் அத்தான், எப்போதும்போல, "தம்பி ஒரு தேத்தண்ணி குடிக்கியா?" என்றார். அவருக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. அக்கா என்னைவிட்டு நாலடி தள்ளி நின்றாள்.  பேருந்து வந்தபோது, "அம்மைகிட்ட என்னப் பத்தி என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

"கப்பல் ஏறிட்டன்னு சொன்னேன்."

"பொய் சொல்லதுக்கு அவளையும் விடல்ல, இல்லியா?" என்றாள். "இந்த பஸ்ல நாங்க போறோம். நீ அடுத்ததுல வா. வந்து பெட்டிய எடுத்துக்க."

பிறகு நடந்தது

மனு தள்ளுபடியாயிற்று. நம்பத்தகாத சாட்சி என்று என்னைப் பற்றி அதில் இரண்டு வரி இருந்ததாக அத்தான் எழுதினார். பொய்ப் பெயர்ப்பு தந்த குடும்பம் என்ற பேரும் அவர்கள் தலையில் விழுந்தது. நான் போகாமல் இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்குமோ என்னவோ. திரும்பி வந்து வக்கீலிடமும் நடந்ததைச் சொன்னேன். அதன்பிறகு அவர் என்னைத் தன் படி ஏற விடவில்லை. அது நியாயம்.

கடைக்கு லைசென்ஸ் போயிற்று. அக்கா ஊருக்கு வரவில்லை. வீட்டுத் திண்ணையில் அடுப்பைப் போட்டு ஆப்பம் சுட்டு விற்றாள். தற்காலிக அனுமதி முடியும்போதெல்லாம் மறுபடி மனு, மறுபடி அலைச்சல். இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டால் தொல்லை குறையும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அதையும் அவள் வாங்கவில்லை. மேல்முறையீட்டை அவளே தமிழில் எழுதினாள். மூத்த மகள் ஆங்கிலமாக்கினாள்.

நான் என்னால் ஆனதைச் செய்ய நினைத்தேன். பிலாவிளையை ஒட்டி என் பங்குக்கு வந்த கிணற்றடி நிலத்தை அக்கா பேருக்கு எழுதிப் பதிவுசெய்ய ஏற்பாடு செய்து, நகலை அவளுக்கு அனுப்பினேன். ஒரு வருடம் பதில் இல்லை.

தென் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நாகர்கோவிலில் வெடி வெடித்தார்கள், தெருவெல்லாம் தோரணம் கட்டினார்கள். என் கழுத்திலும் மாலை விழுந்தது. அந்த ஆரவாரம் அடங்காத வாரத்தில் அக்காவின் தபால் வந்தது. நகல் கிழிக்காமல், மடிப்புக் கலையாமல் திரும்பி வந்திருந்தது. கூட ஒரு தாள்.

"தம்பிக்கு, உனக்குப் பிடித்த நாடு உனக்குக் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். எனக்குப் பிடித்த நாட்டில் நான் இருக்கிறேன், அவர்கள் சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி. உன் கிணற்றடி எனக்கு வேண்டாம். என்னுடையது எனக்குப் போதும். அதை யார் பார்க்கவேண்டும் என்று நான் எழுதியாகிவிட்டது. நீ எழுதவேண்டாம்."

யாரென்று மறுநாள் தெரிந்தது. பிலாவிளையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டுப் போனேன். தாயம்மை நின்றுகொண்டிருந்தாள். அடுத்த தெருவில் ஓலை முடைந்து விற்கிறவள், அக்காவோடு மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அவள் பேருக்கு அக்கா முக்தியார் எழுதி அனுப்பியிருந்தாள். தனக்குப் பதிலாக அந்த நிலத்தில் எதுவும் செய்ய அவளுக்கு அதிகாரம்.

எங்கள் வீட்டுக்கும் பிலாவிளைக்கும் நடுவே இரண்டு ஆட்கள் கையாலை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மண்ணைக் குழைத்து உருட்டி வைத்துக் கட்டும் எல்லைச் சுவர். அதுவரை அந்த இடத்தில் எல்லைக்கல்கூடக் கிடையாது.

"இது என்ன தாயம்மை?"

"உமக்க அக்காளுக்க உத்தரவு, சாரே."

"எவ்வளவு ஒசரத்துக்கு?"

 அவள் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "சாரு அங்க நின்னா இங்க இருந்து தல தெரியாண்டாமாம். அப்படித்தான் எழுதியிருக்கா. நான் ஒரு சொல்லும் கூட்டல்ல."

ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டான். செம்மண் குவியலில் தண்ணீர் ஊற்றியிருந்தது. மிதித்துக் குழைக்க ஆள் போதவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் இறங்கினேன்.

தாயம்மை தடுக்கவில்லை. 

"மிதியும் சாரே, நல்லா மிதியும்" என்றாள். "ஆனா உமக்க பக்கம் நின்னு மிதியும்."